மெனெமெனில் வெங்காயம்: போடலாமா, கூடாதா?

செம்புச்சட்டி
துருக்கி காலை உணவுக்கென்று இங்கே போட்டிருக்கிற மெனெமென் (தக்காளி, மிளகாயோடு முட்டை கிளறும் பண்டம்) குறிப்பு "ரெண்டு பெரிய வெங்காயம், பொன்னிறமாக" என்று தொடங்குகிறது. செய்து சாப்பிடலாம், ருசியாகவே இருக்கும். ஆனால் காலைக்கான மெனெமென் அது இல்லை. இரண்டு பேருக்கு நன்கு பழுத்த தக்காளி 400 கிராம், மெல்லிய தோலுள்ள நீளப் பச்சை மிளகாய் 3, முட்டை 3, வெண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு. அவ்வளவுதான். மிளகாயை வெண்ணெயில் மூன்று நிமிடம் வதக்கி, தோலுரித்துப் பொடியாக நறுக்கிய தக்காளியைச் சேர்த்து, மிதமான தீயில் பத்து நிமிடம் சுண்ட விட வேண்டும். கரண்டியால் நடுவில் கோடு கிழித்தால் தண்ணீர் உடனே ஓடிவந்து மூடக் கூடாது. அதற்குப் பிறகுதான் முட்டை.

ரெண்டுவெங்காயம்
குறிப்பு போட்டது நான்தான். "அது இல்லை" என்று தீர்ப்பு சொல்ல நீங்கள் யார் சாமி? 2018-ல் வேதாத் மிலோர் என்கிற துருக்கி உணவு விமர்சகர் ட்விட்டரில் இதே கேள்வியை ஓட்டுக்கு விட்டார். நாலு லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. ஜெயித்தது வெங்காயம்.

செம்புச்சட்டி
மயிரிழையில் ஜெயித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஓட்டெடுப்பில் காலையா ராத்திரியா என்று கேட்கவில்லை. வெங்காயம் போட்டதை மதியம், இரவுச் சாப்பாடாக வைத்துக்கொள்கிற வீடுகள் அங்கே நிறைய. காலையில் அதே மேசையில் தேன், கய்மாக், வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஆலிவ் எல்லாம் இருக்கும். கய்மாக் நம் பாலேடு மாதிரி, அதைவிடக் கெட்டி. தேனும் கய்மாக்கும் தின்கிற வாயில் வெங்காய வாடை எதற்கு?

ரெண்டுவெங்காயம்
அதே மேசையில் சுஜுக் என்கிற மசாலா இறைச்சித் தொத்தலும் (சாசேஜ்) வறுத்து வைப்பார்கள், பூண்டு மணக்க மணக்க. அந்த வாடை மட்டும் பரவாயில்லையாக்கும்!
வெங்காயத்துக்கு வேலை இருக்கிறது. சீசன் இல்லாத தக்காளி புளிக்கும். வதங்கின வெங்காயத்தின் இனிப்பு அதைச் சமன் செய்யும். பலர் கெடுப்பது வரிசையில்தான். தக்காளியோடு சேர்த்தே வெங்காயத்தைப் போட்டால், புளிப்பில் அது மெத்தென்று ஆகவே ஆகாது, நறுக் நறுக்கென்று பல்லில் மாட்டும். அரை வெங்காயம் போதும். எண்ணெயில் குறைந்த தீயில் எட்டு நிமிடம் வதக்கி, கண்ணாடி போல ஆனதும் மிளகாய், கடைசியில் தக்காளி. (குறிப்பில் "ரெண்டு பெரிய" என்று இருப்பது ஆறு பேருக்கான அளவு, மேலேயே எழுதியிருக்கிறேன்.)

செம்புச்சட்டி
புளிப்புக்கு வெங்காயம் ஒன்றுதான் வழியா? மிளகாய் வதங்கியதும் ஒரு தேக்கரண்டி தக்காளி விழுதை வெண்ணெயில் அரை நிமிடம் வறுத்தால் போதும், சுவை கனத்துவிடும். மேற்கொண்டு ஒரு சிட்டிகை சர்க்கரை.

டிக்காஷன்
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். வெங்காயம் போட்டும் போடாமலும் இங்கே பலருக்குத் தட்டில் தண்ணீர் விட்டு நிற்கிறதே, அதைப் பேசுங்கள். காரணம் இரண்டு. ஒன்று, தக்காளி சுண்டாதது. இன்னொன்று, தீ அதிகம். சூட்டில் முட்டை இறுகி, தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். தீயைக் குறைத்து, முட்டையை உடைத்து ஊற்றி, நாலைந்து முறை மட்டும் கிளறி, மேலே இன்னும் பளபளப்பு இருக்கும்போதே இறக்குங்கள். சட்டியின் சூடே மீதியை வேகவைக்கும். விடாமல் கிளறினால் முட்டைப் பொடிமாஸ்தான் வரும்.

அடுப்பில் முதலில் ஏற வேண்டியது தேநீர். இரட்டைக் கெட்டிலில் கீழே தண்ணீர், மேலே இலைத்தூள் நாலு தேக்கரண்டி. கீழே கொதித்ததும் மேலே இரண்டு டம்ளர் கொதிநீர் ஊற்றி, கீழ்க் கெட்டிலில் தண்ணீர் நிரப்பி, சிறு தீயில் 15 நிமிடம். மேல் கெட்டில் கொதிக்கவே கூடாது, கசந்துபோகும். இலை அடியில் படிந்தால் தயார். கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒரு பங்கு டிக்காஷன், மீதி வெந்நீர். பால் கிடையாது. டஸ்ட் தூள் வேண்டாம், கலங்கலாகிவிடும்.

ரெண்டுவெங்காயம்
தேநீரில் சண்டை இல்லை. ஆனால் முட்டையை அடித்து ஊற்ற வேண்டும்; உடைத்து ஊற்றினால் வெள்ளை தனியாக ரப்பர் மாதிரி நிற்கும்.

செம்புச்சட்டி
வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரிவதுதான் அழகே. ரப்பராவது தீயின் தப்பு, டிக்காஷன் இப்போதுதானே சொன்னார்.

புதுவரவு
அந்த நீள மிளகாய் கிடைக்கவில்லை. குடைமிளகாய் போடலாமா? ஜீரகம், மஞ்சள்தூள்?

ரெண்டுவெங்காயம்
பஜ்ஜி மிளகாய் போடுங்கள், மிக நெருக்கமாக வரும். குடைமிளகாயின் தோல் தடிமன். போட்டே ஆக வேண்டுமென்றால் பொடியாக நறுக்கி இன்னும் மூன்று நிமிடம் கூடுதலாக வதக்குங்கள். மஞ்சள்தூள் வேண்டாம், ஜீரகமும் வேண்டாம். இறக்கும்போது கொரகொரப்பான மிளகாய்த் தூள் ஒரு சிட்டிகை.

செம்புச்சட்டி
இதில் மட்டும் ரெண்டுவெங்காயத்தோடு ஒத்துப்போகிறேன். வெள்ளைப் பாலாடைக்கட்டி வைப்பதாக இருந்தால் மெனெமெனில் உப்பைப் பாதியாக்குங்கள். கட்டி ரொம்ப உப்பாக இருந்தால் ஒரு மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் ஊறட்டும். பதிலுக்குப் பனீர் வைக்காதீர்கள், உப்புநீரில் ஊறாத பண்டம் அது, சப்பென்று இருக்கும்.

ரெண்டுவெங்காயம்
பனீர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி வெங்காயத்தின் மேல் இருந்திருந்தால் போன பக்கத்திலேயே விவாதம் முடிந்திருக்கும்.