குணசேகரன் திருந்தினா ஏத்துக்கலாமா? எங்க வீட்டு குரூப்ல நடந்த பேச்சு

மாமா: சன் டிவி எதிர்நீச்சல் சீரியல் பழைய கிளிப் ஒண்ணு யூட்யூப்ல வந்துச்சு, வில்லன் குணசேகரனா மாரிமுத்து சார் பேசுறத பாத்து அப்படியே உக்காந்துட்டேன். என்ன இருந்தாலும் ஆதி குணசேகரன திருத்தி நல்லவரா காட்டிருக்கணும்னு தோணுது 😔

அத்தை: எதுக்குங்க திருத்தணும்? அவரு பொண்டாட்டி ஈஸ்வரி அத்தன வருஷம் அந்த அடுப்படியில கெடந்தாளே, அத யாரு திருப்பித் தருவா

மாமா: அந்தாளுக்குள்ள பாசம் இருந்துச்சும்மா. தம்பிங்கள ஆளாக்குனது நான்தான்னு சொல்லும்போதெல்லாம் அது நடிப்பா தெரியல எனக்கு

பெரியம்மா: டேய் தம்பி அந்த பாசத்தாலதான்டா ஆதிரைக்கு புடிச்ச அருண விட்டுட்டு கரிகாலனுக்கு கட்டி வச்சாரு. கூடப்பொறந்த தங்கச்சிடா. தாலி ஏறும்போது அந்தப் புள்ள மூஞ்சிய பாத்தியா நீ. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல

அண்ணன்: மாமா சொல்றதும் புரியுதுமா. ஆனா நமக்கு வந்த இரக்கத்துல பாதி மாரிமுத்து சாருக்கு வந்தது. 2023 செப்டம்பர் 8, இதே சீரியலுக்கு டப்பிங் பேசிட்டு இருக்கும்போதே நெஞ்சு வலி வந்து போயிட்டாரு. அப்புறம் வேல ராமமூர்த்தி ஐயா வந்தாரு, அவரும் பெரிய ஆளுதான், ஆனா அவர் பேசும்போது எனக்கு மிரட்டல் மட்டும்தான் தெரிஞ்சுது. அதே குணசேகரன், அதே டைரக்டர் திருச்செல்வம் சார் சீரியல். மாரிமுத்து சார் திட்டி முடிச்சு ஒரு செகண்ட் சும்மா நிப்பாரு பாருங்க, அந்த ஒரு செகண்ட்லதான் நாம கவுந்தோம்

மாமா: ஆமாடா அதேதான். அந்த நிக்கிறதுல ஒரு தனிமை இருக்கும்

நான்: மாமா நடிப்பு பிரமாதம், அதுல சண்டையே இல்ல. ஆனா நம்ம சீரியல்ல வில்லன் திருந்துறதுன்னா என்ன, ஒரு ஆஸ்பத்திரி சீன், ரெண்டு சொட்டு கண்ணீர், கையெடுத்து கும்புடுறது, மறுநாள் பொண்டாட்டி காபி கொண்டாந்து குடுப்பா, முடிஞ்சுது. அவரு அழுதா போதும் மன்னிக்கிற வேலை மட்டும் ஈஸ்வரி தலையில, அதான் எனக்கு கோவம்

அம்மா: ஆமா. படிச்ச பொண்ணுங்களா பாத்து தம்பிங்களுக்கு கட்டி வச்சு சமையக்கட்டுல நிறுத்துனவரு, அப்பத்தாவோட 40 பர்சன்ட் சொத்துக்காக என்ன ஆட்டம் ஆடுனாரு. திருந்துனா மொதல்ல சொத்துல கையெழுத்து போடணும். தம்பி பொண்டாட்டி ஜனனி வேலைக்கு போறேன்னா வண்டி சாவிய எடுத்து குடுக்கணும். பேச்செல்லாம் அப்புறம்

பெரியம்மா: இன்னொன்னு. இந்தாம்மா ஏய்னு சொன்னத நாம எல்லாரும் எவ்ளோ ரசிச்சோம், இதே குரூப்ல எத்தன ஸ்டிக்கர் போட்டிருக்கோம். அது யாரப் பாத்து சொன்னது? வீட்டுக்கு வாழ வந்த பொண்ணுங்கள. மன்னிப்ப ரூமுக்குள்ள தனியா கேட்டா செல்லாது, ஏய்னு கூப்பிட்ட அதே ஹால்ல தம்பிங்க எல்லாரையும் நிக்க வச்சு கேக்கணும்

மாமா: சரிக்கா கேட்டாருன்னு வச்சுக்குவோம். மனசார. ஹால்ல வச்சே. அப்பவாவது ஈஸ்வரி ஏத்துக்கணும்ல?

அத்தை: ஏன் ஏத்துக்கணும்? கேட்டுட்டு பொட்டிய எடுத்துட்டு கெளம்பட்டுமே. அவ கூட இருந்தாத்தான் இவரு நல்லவரா இருப்பாருன்னா அது திருந்துனதே இல்லைங்க

நான்: அத்தை 👏👏👏

அண்ணன்: அவ போனப்புறம் அந்தப் பெரிய வீட்டுல அவரு தனக்கு தானே காபி போட்டுக்கிட்டு, தம்பிங்கள அதட்டாம ஒரு வாரம் இருக்கட்டும், அத காட்டுனா நான் நம்புவேன்

மாமா: அந்த எபிசோட மாரிமுத்து சார் நடிச்சிருக்கணும்டா