வியர்வை குளோரைடு 48: நோய் உறுதியா?

கேள்வி: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் பரம்பரை நோய்) சந்தேகத்தில் குழந்தைக்கு எடுத்த வியர்வை டெஸ்டில் குளோரைடு 48. உறுதியா? அதே வியர்வையில் வேறென்ன தெரியும்?

பதில் 1: இல்லைங்க. லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும்தான் நோயைக் காட்டும். 30-க்குக் கீழே வாய்ப்பு குறைவு. 48 இரண்டுங்கெட்டான். திரும்ப எடுங்க, இந்த நோய்க்குக் காரணமான சிஎஃப்டிஆர் மரபணுவையும் பாருங்க.

பதில் 2: எடுத்த விதத்தையும் கேளுங்க. பைலோகார்பைன்னு வியர்க்கவைக்கும் மருந்தைத் தோலில் வைத்து லேசான மின்சாரம் 5 நிமிஷம், பிறகு 30 நிமிஷம் சேகரிப்பு. சுருள் குழாயில் 15 மைக்ரோலிட்டராவது சேரணும். காஸ் துணியில் எடுத்து மூடி சரியா ஒட்டலைன்னா நீர் ஆவியாகி எண் பொய்யா ஏறும்.

பதில் 3: போதைப்பொருள்கூடத் தெரியும், அதுக்கென்றே நாள்கணக்கில் ஒட்டிவைக்கும் பட்டை இருக்கு. மிச்ச மாதிரியை அழிப்பாங்களான்னு ஒப்புதல் படிவத்தில் பாருங்க. மரபணு ரிப்போர்ட் கூடப்பிறந்தவங்களையும் காட்டிக்கொடுக்கும். குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீங்க.