ஆர்ம்ஸ்ட்ராங்கின் 1954 - 55 ஆல்பங்கள்: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

நண்பர்களே, ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தன் ஆல் ஸ்டார்ஸ் குழுவோடு கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிந்த இரண்டு ஆல்பங்களுக்கு நல்ல மறுவெளியீடு தேடுகிறேன். ஒன்று 1954-இல் வந்த, புளூஸ் இசையமைப்பாளர் ஹேண்டியின் பாடல்கள் கொண்ட 'பிளேஸ் டபிள்யூ. சி. ஹேண்டி', மற்றது 1955-இல் வந்த, ஜாஸ் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலரின் பாடல்கள் கொண்ட 'சாட்ச் பிளேஸ் ஃபேட்ஸ்'. என்னைக் கேட்டால் அவருடைய 50-களின் உச்சமே இவைதான்.

என்னிடம் இருப்பது ஹேண்டி ஆல்பத்தின் 1986 சிடி. அதில் பல பாடல்களுக்கு மூல எல்பியில் (வினைல் இசைத்தட்டில்) வந்த டேக்குகளை, அதாவது ஒரே பாட்டை ஒவ்வொரு முறை வாசித்தபோதும் எடுத்த பதிவுகளில் அன்று வெளியானவற்றை, விட்டுவிட்டு வேறு டேக்குகளைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியன் அன்று தேர்ந்தெடுத்த டேக்குகள்தான். கிட்டத்தட்ட 9 நிமிடம் ஓடும் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பாட்டில் வெல்மா மிடில்டன் பாடி முடித்த பிறகு டிரம்மி யங்கின் டிராம்போன் கரகரவென்று ஏறி வருமே, அந்த இடத்துக்காகவே நல்ல பிரதி வேண்டும்!

1997 சிடியில் மூல டேக்குகள் திரும்பி வந்துவிட்டன. அதை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: இரைச்சலை நீக்குகிறேன் என்று டிரம்பெட்டின் கூர்மையை மழுக்கிவிட்டார்களா? அதைவிடப் பழைய மோனோ (ஒற்றைத் தட ஒலி) எல்பியே மேலா? 'ஃபேட்ஸ்' ஆல்பத்துக்கு 2000-இல் வந்த சிடி எப்படி? சிடி, எல்பி இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டவர்கள் இருந்தால் விரிவாகவே எழுதுங்கள்.