ஐக்யூ 92ன்னு வந்திருக்கு, பையன் மக்குன்னு அர்த்தமா?

செஸ்ல தோத்த சித்தி:
அக்கா பையன் நாலாவது படிக்கிறான். ஸ்கூல்ல ஐக்யூ டெஸ்ட்னு ஒண்ணு வச்சு 92ன்னு ஒரு பேப்பர்ல எழுதி கொடுத்து விட்டுட்டாங்க, அதுக்கு மேல ஒரு விளக்கமும் இல்ல. அன்னையிலேர்ந்து வீட்ல எழவு விழுந்த மாதிரி இருக்கு, அக்கா வீட்டுக்காரர் இப்பவே இவனுக்கு சயின்ஸ் குரூப்லாம் சரிப்படாதுங்கறார். பையனோ செஸ்ல என்னை ஓட விடறான், மளிகைக்கடை கணக்கை மனசுலயே கூட்டிடறான். இந்த டெஸ்ட் நிஜமாவே அறிவைத்தான் அளக்குதா?

கிளினிக் ஆள்:
இது நூத்துக்கு 92 மார்க் இல்லீங்க. அந்த வயசு பசங்களோட சராசரியை 100ன்னு வச்சு, அதுலேர்ந்து இவன் எவ்ளோ தள்ளி நிக்கறான்னு சொல்ற நம்பர். 90லேர்ந்து 109 வரைக்கும் சராசரின்னுதான் ரிப்போர்ட்ல எழுதுவோம். அதே புள்ளைக்கு இன்னொரு நாள் வச்சா அஞ்சாறு பாயின்ட் ஏறலாம் இறங்கலாம். என்ன டெஸ்ட்னு கேட்டீங்களா? பினே காமத், மாலின் ஸ்கேல் மாதிரி ஒவ்வொரு புள்ளையா தனியா உட்கார வச்சு எடுக்கற டெஸ்ட்டா, இல்ல கிளாஸ்ல மொத்தமா உட்கார வச்சு பேப்பர் கொடுத்தாங்களா? எந்த மொழியிலன்னும் கேளுங்க, வீட்ல தமிழ் மட்டும் பேசற புள்ளைகிட்ட இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா இங்கிலீஷ் எவ்ளோ தெரியும்னுதான் தெரியும்.

ரிட்டயர்டு வாத்தி:
1905ல பாரிஸ்ல பினேங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளரும் அவரோட கூட்டாளி சிமோனும் இந்த மாதிரி டெஸ்ட்டை உருவாக்கினதே படிப்புல தடுமாற்ற பசங்களை கண்டுபிடிச்சு தனியா கவனிக்கத்தான். பொறப்புலயே இவ்ளோதான்னு முத்திரை குத்தறதை பினே ஒத்துக்கவே இல்ல. அவர் 1911ல போய் சேர்ந்துட்டார், அதுக்கப்புறம் அமெரிக்காக்காரங்க முதல் உலகப்போர்ல சுமார் 17 லட்சம் பட்டாளத்துக்காரங்களுக்கு டெஸ்ட் வச்சாங்க பாருங்க, அதுல ஒரு பேஸ்பால் பிளேயர் பேரை போட்டு இவர் யாருன்னு ஒரு கேள்வி, புதுசா கப்பல்லேர்ந்து இறங்கின இத்தாலிக்காரனுக்கு அது எப்படிய்யா தெரியும்? அப்புறம் டெர்மன்னு ஒருத்தர் 1921லேர்ந்து ஐக்யூ அதிகமான பசங்களா பொறுக்கி எடுத்து ஆராய்ச்சி பண்ணார், அதுல சேர மார்க் பத்தலன்னு விட்டுப்போன ஷாக்லியும் அல்வாரஸும் பின்னாடி பிசிக்ஸ் நோபல் வாங்கினாங்க. உங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட இதை மட்டும் சொல்லுங்க போதும்.

எதிர்க்கட்சி:
அதுக்காக டெஸ்டே டுபாக்கூர்ங்கற ரேஞ்சுக்கு போகாதீங்க சார். ஸ்காட்லாந்துல 1932ல 11 வயசு பசங்க கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே நாள்ல டெஸ்ட் வச்சாங்க, அதுல கொஞ்சம் பேரை எழுபது எண்பது வயசுல தேடிப்பிடிச்சு அதே டெஸ்ட்டை திரும்ப வச்சப்ப, சின்ன வயசுல நல்லா பண்ணவங்கதான் பெரும்பாலும் அப்பவும் நல்லா பண்ணாங்க. சும்மா குருட்டாம்போக்குல வர்ற நம்பரா இருந்தா இப்படி வருமா? படிப்பு மார்க்கோடயும் நல்லாவே ஒத்துப்போகுது. செஸ், மளிகை கணக்கெல்லாம் பாசத்துல சொல்றது.

கரும்புக்காடு:
எங்க பக்கத்து கதை ஒண்ணு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டத்துல 464 கரும்பு விவசாயிங்களுக்கு அறுவடைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை புதிர் டெஸ்ட் வச்சாங்க, படத்துல விட்டுப்போன துண்டு எதுன்னு கண்டுபிடிக்கற ரேவன் டெஸ்ட். 2013ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. கரும்பு வெட்டி கையில காசு வந்தப்புறம் அதே ஆளுங்க கூடுதலா சரியா போட்டிருக்காங்க. ரெண்டாவது தடவைங்கறதால பழகிப்போய் நல்லா பண்ணிட்டாங்கன்னு விமர்சனமும் வந்துச்சு, ஆனா அறுவடைக்கு அப்புறம் மட்டும் எழுதின ஆளுங்களையும் வச்சு அதை சரிபார்த்ததா அவங்க சொல்றாங்க. ஆலைக்காரன் பணம் எப்ப போடுவான், நகையை எப்ப திருப்பறதுன்னு மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கறவனுக்கு கட்டம் எங்க தெரியும்? எதிர்க்கட்சி அண்ணே, நம்பர் பொய்னு சொல்லல, ஆனா அன்னைக்கு அந்தாளு என்ன நிலைமையில இருந்தான்ங்கறதும் அந்த நம்பர்க்குள்ள இருக்கு.

செஸ்ல தோத்த சித்தி:
கேட்டுட்டேன். மொத்தமா உட்கார வச்சு, இங்கிலீஷ்ல. அதுவும் அன்னைக்கு இவனுக்கு ஜுரமாம், யாருமே சொல்லல. திரும்ப வெளிய ஒரு டெஸ்ட் எடுக்கலாமா?

கிளினிக் ஆள்:
படிக்கறதுல எழுதறதுல கஷ்டப்படறானா? அப்படின்னா எடுங்க, தமிழ் தெரிஞ்ச சைக்காலஜிஸ்ட்கிட்ட, தனியா. எதுல தடுமாறறான்னு தெரிஞ்சா பரீட்சையில கூடுதல் டைம் மாதிரி சலுகை கேக்கவும் உதவும். அப்படி ஒண்ணும் இல்லன்னா காசை மிச்சம் பிடிங்க. ஒருவேளை எடுத்தா மொத்த நம்பரோட விடாம ஒவ்வொரு பகுதிக்கும் என்ன வந்துச்சுன்னு எழுதி வாங்குங்க.