கன மீட்டரும் பீப்பாயும்: அலகுமாற்றிக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம். நம் அலகுமாற்றிப் பக்கத்தில் கன மீட்டரை எண்ணெய் அளக்கும் barrel அலகாக மாற்றும் பகுதிக்கு எந்தத் தமிழ்ச் சொற்களை வைப்பது என்பது பற்றி என் கருத்து இது.

'கன மீட்டர்' பள்ளிப் பாடநூலிலேயே நிலைத்துவிட்டது, அதை விட்டுவிடுவோம். சிக்கல் எதிர்ப்பக்கத்து அலகான barrel-இல்தான்.

நாளிதழ்கள் எழுதும் 'பேரல்' வேண்டாம் என்பேன். வேற்றுமை உருபு சேர்ந்தால் 'ஒரு பேரலை நிரப்ப' என்று வரும். படிப்பவர் கடலைத்தான் நினைப்பார். 'கலன்' என்ற பரிந்துரையும் ஒத்துவராது. 42 கேலன் ஒரு கலன் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், தெரியும். 'மிடா' அழகான பழஞ்சொல்தான், ஆனால் அது பானை வகை. அகராதியைப் புரட்டாமல் யாருக்கும் பிடிபடாது.

மிஞ்சுவது பீப்பாய். போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல் என்று சிலர் தயங்குகிறார்கள். வந்து பல தலைமுறை ஆகிவிட்டது, இருக்கட்டும்.

ஆனால் வெறும் 'பீப்பாய்' போதாது. 1,000 கன மீட்டர் கொள்ளும் ஒரு தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வணிகத்தின் 42 அமெரிக்க கேலன் கணக்கில் அது சுமார் 6,290 பீப்பாய். அமெரிக்க பீர் பீப்பாய் 31 கேலன்தான். அதில் 8,522 வரும். பிரிட்டன் பீர் பீப்பாய் 36 இம்பீரியல் கேலன், அதில் 6,110. இன்னொரு குழப்பம், கண்ணால் பார்க்கும் இரும்பு டிரம். அது 55 அமெரிக்க கேலன், ஏறக்குறைய 208 லிட்டர். படத்தில் டிரம்மைப் போட்டு, கீழே 159 லிட்டர் என்று எழுதினால் மாணவர் எதை நம்புவார்? ஆகவே அலகின் பெயர் 'எண்ணெய்ப் பீப்பாய்' என்றே இருக்கட்டும். டிரம் டிரம்மாகவே இருக்கட்டும்.

பக்கத் தலைப்பில் 'கொள்ளளவு மாற்றி' என்று இருக்கிறது. கொள்ளளவு பாத்திரத்துக்கு உரியது, உள்ளே இருக்கும் எண்ணெய்க்குப் பருமன். 'பருமன் மாற்றி' என்று திருத்தலாம். ஒரு கன மீட்டருக்கு எத்தனை எண்ணெய்ப் பீப்பாய் என்று காட்டும் 6.2898 என்ற எண்ணுக்கு 'மாற்றுக் காரணி' போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

உண்மையில் புதுச்சொல் தேவைப்படும் இடம் வேறு. எண்ணெய் சூடேறினால் விரியும். அதனால் எந்த வெப்பநிலையில் அளந்த பருமன் என்பதையும் சொல்ல வேண்டும். பீப்பாய்க் கணக்குக்கு வழக்கமாக 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 15.56 செல்சியஸ், கன மீட்டர் கணக்குக்குப் பெரும்பாலும் 15 செல்சியஸ். அரை டிகிரி சொச்சம்தானே என்று தோன்றும். கச்சா எண்ணெய் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரிகிறது. ஒரு லட்சம் கன மீட்டருக்கு இந்த வித்தியாசம் சுமார் 300 பீப்பாய். விற்பவரும் வாங்குபவரும் சும்மா விடுவார்களா?

இப்படி ஒரு குறித்த வெப்பநிலைக்குக் கணக்கிட்ட பருமனுக்கு 'செந்தரப் பருமன்' (செந்தரம் என்றால் standard) என்று முன்மொழிகிறேன். தொட்டியில் அப்போதைய சூட்டில் அளந்ததை 'அளந்த பருமன்' எனலாம். 'திட்டப் பருமன்' பாடநூல் மரபுக்கு நெருக்கம்தான், ஆனால் திட்டமிட்ட அளவு என்றும் பொருள்படுகிறது. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், அலகுப் பட்டியலில் பீர் பீப்பாய்கள் இரண்டையும் 'அமெரிக்க', 'பிரித்தானிய' என்ற அடைமொழியோடு தனித்தனியாகச் சேர்க்க வேண்டும்; இப்போது இரண்டும் ஒரே பெயரில் நிற்கின்றன.