20 கணினியைப் பதிந்தும் கணக்கில் ஒன்றுதான் ஏறுகிறது (டெபியன் பாப்கான்)

பனங்காடு:
வணக்கம். ஒரு பள்ளியின் கணினி அறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 20 கணினி, எல்லாவற்றிலும் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்). தமிழ் மேசைத்தளத்துக்கான 'டாஸ்க்-தமிழ்-டெஸ்க்டாப்' பேக்கேஜும் (மென்பொருள் தொகுப்பு) தமிழ் எழுத்துருக்களும் எல்லாவற்றிலும் உண்டு. தமிழில் டெபியனைப் புழங்குகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம் என்று கணக்கில் தெரியட்டுமே என்றுதான் பாப்கானை இயக்கினேன் (முழுப்பெயர் பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட்; கணினியில் எந்தெந்த பேக்கேஜ் இருக்கிறது என்ற பட்டியலை வாரம் ஒருமுறை டெபியனுக்கு அனுப்பும் கருவி). 'பங்கேற்கிறீர்களா' என்ற கேள்விக்கு 'ஆம்' கொடுத்தாகிவிட்டது. மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்த பேக்கேஜின் நிறுவல் எண்ணிக்கை ஒன்றே ஒன்று கூடியிருக்கிறது. மீதி 19 எங்கே போயின? இணையம் எல்லாக் கணினியிலும் ஒழுங்காகத்தான் வருகிறது.

திண்ணை:
அனுப்பியதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். 'வார்–லிப்' அடைவுக்குள் பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் என்ற அடைவு இருக்கும், அதில் 'லாஸ்ட்சப்' என்றொரு கோப்பு. அறிக்கை போய்ச் சேர்ந்தால் அதன் தேதி மாறும். கூடவே சந்தேகத்துக்கு பாப்கானை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்களேன்.

பனங்காடு:
20 கணினியிலும் லாஸ்ட்சப் போன வியாழக்கிழமையைக் காட்டுகிறது. ஆக, அனுப்பியிருக்கிறது. இரண்டு கணினியில் நீக்கி மறுபடி நிறுவினேன். ஒரு மாற்றமும் இல்லை.

கருங்காலி:
இருபதும் ஒரே கிழமையா? அங்கேதான் விஷயம் இருக்கிறது, தம்பி. ஒரு கணினியில் நிறுவி, இமேஜ் (வட்டின் முழு நகல்) எடுத்து மற்றவற்றில் ஊற்றினீர்களா?

'ஈடிசி' அடைவில் பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் அமைவுக் கோப்பைத் திறந்து, 'மை-ஹோஸ்ட்-ஐடி' என்ற வரியை நாலைந்து கணினியில் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

பனங்காடு:
ஆமாம் ஐயா, க்ளோன்சில்லாவில்தான் ஊற்றினேன். ஐந்து கணினியில் பார்த்தேன். எல்லாமே 9049 என்று முடிகிற அதே நீள எண். அதற்குக் கீழே 'டே' என்ற வரியிலும் எல்லாவற்றிலும் 4.

கருங்காலி:
அதேதான். பாப்கான் உங்கள் பெயரைக் கேட்பதில்லை, மின்னஞ்சல் கேட்பதில்லை. கணினியை அடையாளம் காண அதனிடம் இருப்பது, நிறுவும்போது ஏதேச்சையாக உருவாக்கி அந்தக் கோப்பில் எழுதிவைத்த 32 இலக்கப் பதினறும எண் ஒன்றுதான். ஒரே எண்ணில் 20 அறிக்கை வந்தால் 'அதே கணினி மறுபடி அனுப்புகிறது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரு ரேஷன் கார்டுக்கு 20 நகல் எடுத்துக்கொண்டு போனாலும் கடையில் ஒரு குடும்பம்தானே!

கிழமையும் அப்படித்தான். வாரத்தில் எந்த நாள் அனுப்புவது என்பதையும் நிறுவும்போதே குலுக்கிப் போட்டு எழுதிவிடும். ஞாயிறு 0 என்று எண்ணினால் 4 வியாழன். எல்லாரும் ஒரே நாளில் போய் சர்வரை மொய்க்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இமேஜ் அதையும் சேர்த்து நகலெடுத்துவிட்டது.

நீக்கி மறுபடி நிறுவியதில் மாறாததற்கும் காரணம் உண்டு. வெறும் 'ரிமூவ்' அமைவுக் கோப்பைத் தொடாது. பழைய எண் அங்கேயே உட்கார்ந்திருக்கும், புதிதாக நிறுவும்போது அதையே எடுத்துக்கொள்ளும். 'பர்ஜ்' கொடுங்கள், கோப்பும் போகும். அப்புறம் நிறுவினால் புது எண், புதுக் கிழமை. ஒன்று மட்டும் கவனம்: பர்ஜ் செய்தால் நீங்கள் முன்பு சொன்ன 'ஆம்' என்ற பதிலும் போய்விடும். கேள்வி மறுபடி வரும், அதன் இயல்பு விடை 'இல்லை'.

செம்மண்:
இடையில் ஒன்று. க்ளோன் செய்தவர்கள் 'மெஷின்-ஐடி' கோப்பையும் (கணினியின் அடையாள எண்) எஸ்எஸ்எச் சாவிகளையும் (தொலைவிலிருந்து நுழையும்போது கணினியை அடையாளம் காட்டுபவை) பாருங்கள், அவையும் நகலாகியிருக்கும். எங்கள் இடத்தில் இரண்டு கணினி ஒரே ஐபி முகவரிக்குச் சண்டை போட்டுக்கொண்டதற்குக் காரணம் மெஷின்-ஐடிதான். அரை நாள் ஸ்விட்ச்சைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம், கணினிகள் பள்ளியுடையவை. தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? எந்தெந்த பேக்கேஜ் இருக்கிறது என்ற முழுப் பட்டியலும் வெளியே போகிறது. பள்ளிக்கென்று நீங்களே கட்டிய பேக்கேஜ் இருந்தால் அதன் பெயரும் போகும். ரூட்டாக (நிர்வாகியாக) இருந்து பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் கட்டளையை அடித்தால் அறிக்கை திரையிலேயே வரும். முதல் வரியில் நேரமும் அந்த 32 இலக்க எண்ணும், கீழே வரிக்கு ஒரு பேக்கேஜ். அதை அவரிடமே காட்டிவிடுங்கள்.

பனங்காடு:
சொல்லவில்லை, உண்மைதான். இன்று காட்டினேன். பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'பிள்ளைகள் பெயர் இதில் எங்கும் இல்லையே?' என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் சரி என்றுவிட்டார்.

பர்ஜ் செய்து நிறுவியாகிவிட்டது. ஐயா எச்சரித்தும் ஆறு கணினியில் அவசரமாக என்டர் தட்டி 'இல்லை' ஆக்கிவிட்டேன். அமைவுக் கேள்விகளை மறுபடி கேட்கவைக்கும் டிபிகேஜி-ரீகான்ஃபிகரில் போய்த் திருத்தினேன். இப்போது 20 கணினியிலும் 20 வேறு எண்கள்.

ஆனால் இன்னொரு சந்தேகம். எழுத்துரு பேக்கேஜ்களுக்கு எங்கள் அறிக்கையில் 'நோ-ஃபைல்ஸ்' என்று வருகிறது. பிள்ளைகள் தினமும் அந்த எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். வட்டில் 'நோ-ஏடைம்' (கோப்பைத் தொட்ட நேரத்தைப் பதிய வேண்டாம் என்ற அமைவு) போட்டிருக்கிறேனோ என்று பார்த்தேன், இல்லை.

கருங்காலி:
உங்கள் பிழை இல்லை. பாப்கான் புள்ளிவிவரத்தில் 'வோட்' என்றொரு பத்தி உண்டு, அது கடந்த ஒரு மாதத்தில் பேக்கேஜ் பயன்பட்டதா என்ற கணக்கு. அதற்கு பாப்கான் கோப்பைக் கடைசியாகத் தொட்ட நேரத்தைப் பார்க்கிறது. ஆனால் எல்லாக் கோப்பையும் பார்க்காது. 'பின்' அடைவில் இருக்கும் நிரல்கள், நூலகங்கள் போன்ற சிலவற்றை மட்டுமே. எழுத்துரு பேக்கேஜில் அப்படி எதுவும் இல்லை. டாஸ்க் பேக்கேஜ் அதைவிட மோசம், மற்றவற்றை இழுத்துவரும் வெற்றுப் பை. இரண்டுக்கும் 'நோ-ஃபைல்ஸ்'தான் வரும், நாள் முழுக்க தமிழில் தட்டினாலும் ஒரு வோட்டு விழாது. நீங்கள் 'இன்ஸ்ட்' (நிறுவல் எண்ணிக்கை) என்ற பத்தியை மட்டும் பாருங்கள்.

எனக்கு இது பழைய வருத்தம். 1998-இல் தொடங்கிய கருவி. முதல் சீடியில் எந்த பேக்கேஜ்களை வைப்பது என்று முடிவு செய்ய உதவியது. அந்த வேலைக்கு நிரலைப் பார்ப்பது போதும். மொழிக்காரர்கள் வந்து எண்ணிக்கை கேட்பார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

பனங்காடு:
பத்து நாள் கழித்து வருகிறேன். லாஸ்ட்சப் தேதிகள் இப்போது வாரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. டாஸ்க்-தமிழ்-டெஸ்க்டாப் நிறுவல் கணக்கு 18 கூடியிருக்கிறது. இரண்டு கணினி மின்சப்ளை போய்ப் பழுதுபார்க்கக் கிடக்கின்றன, அதனால் கணக்கு சரிதான். க்ளோன்சில்லா இமேஜையும் திறந்து பாப்கானை பர்ஜ் செய்து வைத்துவிட்டேன். அடுத்த முறை ஊற்றிய பிறகு ஒவ்வொன்றிலும் தனியாக நிறுவிக்கொள்கிறேன். நன்றி ஐயா, நன்றி செம்மண்.