வலை முழுக்கச் சொறி (ஜெல்லி மீன்): திடீரென்று ஏன் இப்படி?

ஒற்றியூர்ப் பையன்:
எங்கள் சித்தப்பா திருவொற்றியூரிலிருந்து ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். போன வாரம் மூன்று நாள் வரிசையாக வலையை இழுத்தால் மீனைக் காணோம், சொறிதான், அதுவும் நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் மேலே வராத கனம். ஒரு நாள் வலையில் பாதியை அறுத்துவிட்டே வந்தார்கள். டீசல் காசு கூடத் தேறவில்லை. முழங்கை வரை தடித்துப்போய் மனுஷன் ராத்திரி தூங்கவே இல்லை. கடல் சூடாகிவிட்டது என்கிறார் ஒருத்தர், துறைமுகத்தால்தான் என்கிறார் இன்னொருத்தர், பாட்டியோ "அந்தக் காலத்திலயும் வரும், ரெண்டு நாள்ல போயிடும்" என்கிறது. எது சரி? அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைகளை எண்ணூர்ப் பக்கம் குளிக்கக் கூட்டிப் போகலாமா?

காசிமேட்டு லாஞ்சு:
தம்பி, பாட்டி சொன்னது பாதி சரி. சொறி வரும், போகும். ஆனால் வந்த அன்றைக்கு ஆகும் நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. வலையின் மடி நிறையச் சொறி ஏறினால் கூட இருக்கும் மீன் நசுங்கி வழவழவென்று ஆகிவிடும், அதை ஏலத்தில் கொட்டினால் பாதி விலைதான். பொறுக்கிப் பிரிக்கிற நேரத்தில் ஐஸ் கரையும், கை எரியும். ஜப்பானில் இதைவிட மோசம். நொமுரா என்று ஒரு ராட்சதச் சொறி, ஒவ்வொன்றும் 200 கிலோ வரை வளருமாம். 2009ல் அது நிறைந்த வலையை இழுக்கப் போய் 10 டன் படகு ஒன்று அப்படியே கவிழ்ந்தது. வலையை அறுத்துவிட்டு வந்ததற்காகச் சித்தப்பாவைத் திட்டாதீர்கள்.

ராயபுரம் மாணவி (கடல் உயிரியல்):
மூன்று நாள் வலையை வைத்துக் கடலே மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காற்றும் நீரோட்டமும் பரவிக் கிடப்பதை ஒரே இடத்தில் ஒதுக்கித் தள்ளினாலும் இப்படித்தான் தெரியும். ஆனால் துறைமுகம் என்று சொன்னவரையும் ஒதுக்கிவிட வேண்டாம். சொறி பிறந்ததிலிருந்தே மிதப்பதில்லை. பல வகைகள் சின்ன வயதில் பூ மொட்டு மாதிரி கல்லிலும் சிப்பியிலும் ஒட்டிக்கொண்டு இருக்கும், நேரம் வந்தால் ஒரே மொட்டிலிருந்து குட்டிகள் தட்டுத் தட்டாகக் கழன்று கிளம்பும். மணல் கரையில் அதற்கு இடம் கிடையாது. நாம்தான் கடலரிப்புக்கென்று எண்ணூர் வரை கல்லைக் கொட்டி வைத்திருக்கிறோமே. மீனை அள்ளித் தீர்ப்பதும் ஒரு காரணம், ஏனென்றால் மீனும் சொறியும் ஒரே இரையைத்தான் தின்கின்றன. நமீபியாவில் மத்தியை ஒட்டப் பிடித்தார்கள், பிற்பாடு அளந்து பார்த்தால் மீன் 36 லட்சம் டன், சொறி 122 லட்சம் டன். கருங்கடலில் 1980களில் கப்பல் ஆடாமல் நிற்க அதன் அடியில் நிரப்பும் நிலைப்புத் தண்ணீரோடு அமெரிக்கப் பக்கத்திலிருந்து சீப்புச் சொறி (சொறி மாதிரியே வழவழவென்று இருக்கும் வேறு இனம்) வந்து இறங்கியது, அது மீன் முட்டையையும் குஞ்சையும் தின்று, ஏற்கெனவே மிதமிஞ்சிப் பிடித்துக்கொண்டிருந்த நெத்திலித் தொழிலைப் படுக்க வைத்துவிட்டது. 1997ல் அதைத் தின்கிற இன்னொரு சீப்புச் சொறி வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

வண்ணை வாசு:
சீனாக்காரன் இதைச் சாப்பிடுகிறானாமே, விற்றுவிட்டால் என்ன?

காசிமேட்டு லாஞ்சு:
எல்லாச் சொறியும் போகாது தலைவா, தின்னக்கூடிய வகை தனி. அதையும் உப்பும் படிகாரமும் போட்டு நாள் கணக்கில் பதப்படுத்த வேண்டும், உடம்பு முழுக்கத் தண்ணீர்தானே. வியாபாரி கரையில் வந்து நின்றால் காசு, இல்லாவிட்டால் நாற்றம். நம்மைவிட, சொறியைத் தின்கிற ஆமைக்குத்தான் இதில் லாபம், அதையும் தை, மாசியில் வலையில் சிக்கவைத்துக் கொன்றுகொண்டிருக்கிறோம். எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

நைட் டியூட்டி நர்ஸ்:
குளிக்கப் போகிற விஷயத்துக்கு வருகிறேன். கரையில் செத்துக் கிடப்பதைக்கூடப் பிள்ளைகள் தொடக் கூடாது, அதன் இழை காய்ந்த பிறகும் கொட்டும். நீல பலூன் மாதிரி இருந்தால் கிட்டேயே போகாதீர்கள். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பது, மூத்திரம் விடுவது எல்லாம் வேண்டாம். நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீரில் அலசி, ஒட்டியிருக்கும் இழையைக் கையால் தொடாமல் எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் 20 நிமிஷம் வையுங்கள். வினிகர் சில வகைக்கு நல்லது, சிலதுக்குக் கெடுதல், அதனால் நீங்களாக ஊற்ற வேண்டாம். மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ உடனே 108. வெளிநாட்டுக் கடற்கரைகளில் இதற்கென்றே ஊதாக் கொடி ஏற்றுவார்கள், அதைப் பார்த்ததும் கூட்டம் கலைந்து கடைக்காரர் பாடு திண்டாட்டம். நம் பக்கம் கொடிக்குக் காத்திருக்காமல் காலையில் வலை பிரிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒற்றியூர்ப் பையன்:
நன்றி அக்கா, அண்ணா. சித்தப்பா முதல் நாளே பைப்புத் தண்ணீரில்தான் கையைக் கழுவினாராம், எரிச்சல் ஏறியதற்கு அதுதான் காரணம் போல. பிள்ளைகளை மணலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டேன், அக்காவுக்குத்தான் என் மேல் கோபம். நாளை விடிகாலை சித்தப்பா மறுபடி போகிறார், இந்தத் தடவை கொஞ்சம் தெற்கே தள்ளி வலை விடப் போகிறாராம். வந்ததும் எழுதுகிறேன்.